இளம் குவார்ட்டர்பேக்குகள் – கடிதம்

வணக்கம் சார்,

சார்லட் நகரில் பல வருடங்களாக இருக்கிறேன். கரோலினா பாந்தர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பையனோடு உட்கார்ந்து பார்ப்பவன். 2024 செப்டம்பரில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பிரைஸ் யங்கை பெஞ்சில் உட்கார வைத்தபோது என் அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரை 'பஸ்ட்', அதாவது தேறாத ஆள், என்றார்கள், நானும் சேர்த்துத்தான். 2025 சீசனில் அணி தன் டிவிஷனை (லீகில் தான் இருக்கும் பிரிவை) வென்றதும் அதே ஆட்கள் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள். இளம் குவார்ட்டர்பேக்குகளுக்கு டிவியில் வாராவாரம் தீர்ப்பு எழுதுவதைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆனால் இத்தனை மில்லியன் டாலர் சம்பளம் வாங்குகிறவரை, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ரசிகன் எடைபோடக் கூடாதா?

எஸ்., சார்லட்

அன்புள்ள எஸ்.,

தாராளமாக எடைபோடலாம். டிக்கெட் வாங்காதவர்கூடப் போடலாம். என் வருத்தமெல்லாம், ஒரு முழு அணியின் தோல்வியை 22 வயதுப் பையன் ஒருவன் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதுதான்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் டிராஃப்ட் முறையில் எடுக்கின்றன. முந்தைய வருடம் கடைசியில் வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. ஆகவே, பெரிதாகப் பேசப்படும் பையன் பெரும்பாலும் மோசமான அணிக்குத்தான் போகிறான். ஏற்கெனவே நொடித்துப்போன வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்த்து "இவள் கால் வைத்த நேரம்" என்பார்களே, அதுதான் நடக்கிறது.

உங்கள் பாந்தர்ஸ் விஷயத்தில் கதை இன்னும் மோசம். 2023ல் அவர்கள் கையில் இருந்தது 9ஆவது இடம். பிரைஸ் யங்குக்காக சிகாகோவிடமிருந்து முதல் இடத்தை வாங்கினார்கள். விலையாகப் பல டிராஃப்ட் வாய்ப்புகளோடு டி.ஜே. மூரையும் கொடுத்தார்கள். அணியின் மிகச் சிறந்த ரிசீவர் அவர். எறிவதற்கு ஆள் வாங்கப் போய், பிடிக்கிற ஆளை விற்றுவிட்டார்கள். அந்த சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. பதினோரு ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். யங்கை எதிரணி 62 முறை 'சாக்' செய்தது, அதாவது பந்து கையை விட்டுப் போவதற்குள் அவரைத் தரையில் வீழ்த்தியது. கடைசி இடத்துக்கு ஆறுதலாகக் கிடைக்க வேண்டிய 2024ன் முதல் டிராஃப்ட் இடமும் சிகாகோவுக்குப் போய்விட்டது. இத்தனையையும் முடிவு செய்தவர்கள் ஒருவர்கூட மைதானத்தில் நிற்கவில்லை. நின்றது யங். கூச்சல் வாங்கியதும் அவர்தான்.

இதில் டிவி கேமராவுக்கும் பங்கு உண்டு. ஒரு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, இன்னும் 8 யார்டு முன்னேற வேண்டும். பந்து பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. கேமரா பந்தை விட்டு நகராது. ரிசீவர்கள் ஓடத் தொடங்கியதுமே சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். இடது பக்கம் காவல் நிற்கும் டேக்கிள் தடுமாறி, எதிராளி உள்ளே புகுந்துவிடுகிறான். இரண்டரை வினாடிக்குள் பையன் பந்தை விட்டாக வேண்டும். விடுகிறான், ஆளே இல்லாத இடத்தில் போய் விழுகிறது. "கண்ணு தெரியலையா இவனுக்கு?" என்று வீட்டில் கத்துகிறோம். ரிசீவர் உள்பக்கம் திரும்ப வேண்டியவன் வெளிப்பக்கம் திரும்பியிருக்கலாம். 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்த பயிற்சியாளர் காணொளியில்தான் அது புலப்படும். அதை நிதானமாகப் பார்த்து முடிப்பதற்குள் காலை நிகழ்ச்சிகள் தீர்ப்பை வாசித்து முடித்திருக்கும்.

அப்புறம் பணம். நீங்கள் கேட்டது சம்பளத்தை வைத்து, நான் சொல்ல நினைப்பதும் அதைப் பற்றித்தான். 2010ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டுமே 50 மில்லியன் டாலர். 2011ல் லீக் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டியது. அந்த வருடம் முதலில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குமாகச் சேர்த்தே சுமார் 22 மில்லியன்தான். குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு வருடங்களைத்தான் எல்லா அணிகளும் கணக்குப் பார்க்கின்றன. மூன்றாவது சீசன் முடிந்த கையோடு, ஐந்தாவது வருடத்துக்கு வைத்துக்கொள்வதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். பையனை முதல் வாரமே களத்தில் இறக்குவதற்கும், இரண்டாவது வருடமே அவன் தேறமாட்டான் என்று பேச்சு கிளம்புவதற்கும் பாதிக் காரணம் இந்தக் கெடுதான். பாட்ரிக் மஹோம்ஸ் 2017ல் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவர் போய்ச் சேர்ந்த கான்சாஸ் சிட்டி ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த அணி. அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்காது.

1998ல் இண்டியானாபொலிஸின் புதிய குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், அதாவது அவர் எறிந்த பந்தை 28 முறை எதிரணி பிடித்துக்கொண்டது. புதியவர் ஒருவர் ஒரே சீசனில் அவ்வளவு எறிந்ததில்லை. அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. இண்டியானாபொலிஸ் பயிற்சியாளரையும் மாற்றவில்லை, ஆட்டத் திட்டம் வகுத்த டாம் மூரையும் மாற்றவில்லை. அடுத்த வருடம் 13 வெற்றி. இருபது வருடம் கழித்து, 2018ல், அரிஸோனா ஜாஷ் ரோசனை எடுத்தது. ஒரே சீசனில் பயிற்சியாளரை நீக்கி, மறு வருடமே வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்து, ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. பிறகு போன இடங்களிலும் அவர் நிலைக்கவில்லை. ஒருவேளை எங்கே போயிருந்தாலும் தேறியிருக்க மாட்டாரோ என்னவோ, இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு இந்தத் தீர்ப்பு களத்தில் இறங்கும் முன்பே வந்துவிடும். 1978ல் வாரன் மூனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஐந்து கோப்பை வென்று திரும்பினார், கடைசியில் ஆட்டத்தின் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். 2018ல் லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னவர்கள் உண்டு, அதுவும் அனுபவம் மிக்க நிர்வாகிகள். 2019ல் 50 வாக்குகளில் ஒன்றுகூடச் சிதறாமல் அவர் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர், ஆனார்.

சரி, யங்குக்கு வருகிறேன். எட்டு வெற்றி ஒன்பது தோல்வியோடு டிவிஷனை வென்றதை வைத்து அவரைத் தூக்கிவைத்து ஆடுவதும் அதே அவசரம்தான். நான் திரும்பிப் பார்க்கச் சொல்வது 2024 நவம்பரில் கான்சாஸ் சிட்டியோடு நடந்த ஆட்டத்தை. எதிரணி கடைசி நொடியில் உதைத்த ஃபீல்டு கோலில் பாந்தர்ஸ் 30–27 என்று தோற்றது. முதல் வருடத்தில் ஆட்கள் பாய்ந்து வந்தால் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போவார். அன்று நெருக்கடியிலும் முன்னால் அடி எடுத்து வைத்து எறிந்தார். பையன் கற்றுக்கொள்கிறானா என்பதை எனக்குக் காட்டியது அந்தக் கால்கள்தான், ஸ்கோர் இல்லை.

அடுத்த சீசனில் உங்கள் பையனோடு பார்க்கும்போது, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து மறுஒளிபரப்பு காட்டுவார்களே, அதில் முதலில் பந்தைப் பார்க்காமல் தடுப்பு வரிசையின் ஐந்து பேரைப் பாருங்கள். பிறகு குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். ஒரே தவறை மூன்று வாரம் தொடர்ந்து செய்தால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் திட்டுவேன். என்ன பார்த்தீர்கள் என்று இருவரும் எழுதுங்கள்.

அன்புடன்