கேள்வி-பதில்: 'ஸ்லாஷர்' என்று நம்பி வாங்கிய நாவல் இழுவையாக இருந்தால்?

கேள்வி: ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸின் 'மை ஹார்ட் இஸ் எ செயின்சா' நாவலை ஆன்லைனில் பேப்பர்பேக்காக வாங்கினேன். ஸ்லாஷர் வகை (ஒரு கொலைகாரன் ஒருவர் பின் ஒருவராகக் கொன்றுகொண்டே போகும் திகில் கதை), விருது பெற்றது என்று போட்டிருந்தது. மோசம் என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதி ஒரே மூச்சில் ஓடியது. அதற்கு முன்னால் வருவதுதான் தாங்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? அடுத்த இரண்டு பாகங்களை வாங்கலாமா?

பதில்: பணம் திரும்ப வராது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'குறைபாடு' என்பது பொருளின் தரம், அளவு, தூய்மை போன்றவற்றில் இருக்கும் பழுது. கதை மெதுவாக நகர்வது அதில் சேராது. 'ஸ்லாஷர்' என்று போட்டதைப் பொய் விளம்பரம் என்று சொல்லவும் வழியில்லை. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஸ்லாஷர் பேச்சுதான்.

உங்களுக்குச் சலிப்புத் தட்டியதும் அதனால்தான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ப்ரூஃப்ராக் என்ற ஏரிக்கரை ஊர். பதினேழு வயது ஜேட் டேனியல்ஸ் ஸ்லாஷர் படங்களிலேயே மூழ்கிக் கிடப்பவள்; அதே மாதிரிக் கொலைத் தொடர் தன் ஊரிலும் தொடங்கப்போகிறது என்று நம்புகிறாள். தொடக்கத்தில் ஒரு டச்சு சுற்றுலா ஜோடி ஏரியில் சிக்குகிறது. பெரிய ரத்தக்களரி நடப்பதோ ஜூலை 4 இரவு, ஊரே ஏரியில் மிதந்தபடி 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தைப் பார்க்கும்போது. நடுவில் இருப்பதெல்லாம் ஜேடின் சந்தேகங்கள், வீட்டுத் துயரம், பிறகு 'ஸ்லாஷர் 101' என்ற பெயரில் வரலாற்று ஆசிரியருக்கு அவள் எழுதித் தரும் கட்டுரைகள்.

'ஹாலோவீன்' (1978) என்ற ஸ்லாஷர் படம் 91 நிமிடம்தான். கதாநாயகிக்குத் தெரியாமல் பின்னால் நிற்கும் முகமூடிக்காரனை கேமரா நமக்குக் காட்டிவிடுகிறது. பதற்றம் அங்கே பிறக்கிறது. இந்த நாவலிலோ பெரும்பாலும் ஜேட் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். அவளோ எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு படத்தோடு ஒப்பிடுகிறாள். அத்தியாயத் தலைப்புகளும் பழைய ஸ்லாஷர் படங்களின் பெயர்கள்தான். அந்தப் படங்களைப் பார்க்காதவருக்கு ஒவ்வொரு ஒப்பீடும் வேகத்தடை. 'ஹாலோவீன்', 'ஃப்ரைடே தி தர்ட்டீந்த்' (1980), 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984), 'ஸ்க்ரீம்' (1996) நான்கையும் பார்த்திருந்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

நடுப்பகுதியை இன்னும் இறுக்கியிருக்கலாம் என்பதுதான் எங்கள் கருத்தும். ஆனால் அந்தக் கட்டுரைகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைப் படங்களின் பெயரால் ஒரு பிள்ளை சொல்லப் பார்க்கிறது. புத்தகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. திகில் இலக்கியத்துக்கான பிராம் ஸ்டோக்கர் விருது கிடைத்ததில் எங்களுக்கு வியப்பில்லை. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: தற்கொலை முயற்சியும் சிறார் மீதான பாலியல் கொடுமையும் கதையில் உண்டு.

இரண்டாம் பாகமான 'டோன்ட் ஃபியர் த ரீப்பர்' (2023) உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். கொலைகாரன் யார் என்பது முதலிலேயே தெரியும். பனிப்புயலில் தப்பி வருகிறான். 2019 டிசம்பர் 12 வியாழனில் தொடங்கி 36 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்றாவதான 'தி ஏஞ்சல் ஆஃப் இந்தியன் லேக்' (2024) முந்தைய இரண்டையும் படித்தவருக்குத்தான். மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள். இரண்டாவதின் இலவச மாதிரியை முதலில் இறக்கிப் படியுங்கள்.

மாதிரியில் முதல் கொலைக் காட்சியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் ஒரு கொலையோடுதான் தொடங்கும், அதை எழுத்தாளர்கள் இழைத்து இழைத்துத்தான் எழுதுவார்கள். அதற்கடுத்த அத்தியாயத்தில் பத்துப் பக்கம் படியுங்கள். யாரும் சாகாத அந்தப் பக்கங்களில் கதை சொல்லும் குரல் உங்களைப் பிடித்து வைத்தால் வாங்குங்கள்.

கேள்வி: அதே நாவல்தான். என் பிரதியில் 32 பக்கங்களைக் காணோம்; அதற்கு முந்தைய 32 பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது. விற்றவர் "படித்த புத்தகத்தை மாற்ற முடியாது" என்கிறார்.

பதில்: இது நிச்சயம் குறைபாடு. அச்சகத்தில் பெரிய தாளில் 16 அல்லது 32 பக்கம் சேர்த்து அச்சிட்டு மடிப்பார்கள்; அந்தக் கட்டைத்தான் ஃபாரம் என்கிறோம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கும்போது ஒன்று விடுபட்டு இன்னொன்று இரண்டு முறை விழுந்திருக்கிறது. படித்துப் பார்க்காமல் இது எப்படித் தெரியும்? அந்தப் பதில் செல்லாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேளுங்கள்.

பக்க எண் தெரியும்படி, விட்டுப்போன இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை ஒரே படத்தில் எடுங்கள். பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எண் மாறி, எழுத்தும் மங்கி, பின்பக்க எழுத்து தாளில் தெரிந்தால் திருட்டுப் பதிப்பாக இருக்கக்கூடும். அதையும் புகாரில் எழுதுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.