போன் சர்வீஸுக்குப் போன இரண்டு நாள்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீடு. போன வாரம் அவன் போனில் டிஸ்ப்ளே போய், இரண்டு நாள் சர்வீஸ் கடையில் இருந்தது. இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். வெறும் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். இது வியாதியா? போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா?

ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்ட வேண்டாம்.

இந்தத் தவிப்புக்கு ‘நோமோபோபியா’ என்று 2008-இல் பிரிட்டனில் பெயர் வைத்தார்கள். மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது இல்லை. ஆனால் உங்கள் மகன் நடிக்கவில்லை. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐபோன் வைத்திருந்த 40 பேரைப் புதிர்களை விடுவிக்கச் சொல்லிவிட்டு, போனை எட்டாத இடத்தில் வைத்து அடிக்கவிட்டார்கள். எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. புதிரிலும் தடுமாறினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. யாரோ ஜெனரேட்டர் கொண்டுவந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பத்துப் பதினைந்து போன்களுக்கு சார்ஜ் போட்டார்கள். முழங்கால் தண்ணீரில் பையன்கள் காத்து நின்றார்கள். போனுக்கு உயிர் வந்ததும் கேம்தான் ஆடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பையன் முதலில் தட்டியது, ‘மச்சி, எங்க இருக்க?’

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பத்துக்குப் பத்து அறையில் அம்மா, அப்பா, டிவி, சுருட்டி வைத்த பாய். பதினாறு வயதுப் பையன் தனியாக ஒரு வார்த்தை பேச அங்கே இடம் ஏது? சிநேகிதம், சண்டை, நாளைய டெஸ்ட் எல்லாமே வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. இரண்டு நாள் வெளியே நின்றால் தன்னை மறந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறான். 2020-இல் பள்ளிக்கூடம் மூடியபோது, பாடம் இதில்தான் என்று போனைக் கையில் கொடுத்தவர்களும் நாம்தானே. டென்த் வந்ததும் கேரமையும் ஃபுட்பாலையும் நிறுத்தியதும் நாம்தான். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் ராத்திரி விஷயம். சார்ஜரைப் பாய்க்குப் பக்கத்திலிருந்து எடுத்து, சமையல் மேடைப் பிளக்கில் மாட்டுங்கள். ‘தூங்கப் போறேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டு வைடா’ என்று பத்து நிமிஷம் விடுங்கள். பத்து மணிக்கு உங்கள் போன், அவன் அப்பா போன், அவன் போன் மூன்றும் அங்கே போகட்டும். அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் இது நடக்காது. முதல் வாரம் முனகுவான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சில வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவனை உட்காரவைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. முதலில் நீங்கள் மட்டும் பேசினாலே போதும்.