காமிரா யார் உயரத்தில் நிற்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

பெண்கள் எடுக்கிற படம் என்றாலே கடைசியில் ஒரு அறிவுரை வரும் என்கிறார் என் கணவர். நான் பார்த்தவற்றிலும் சொல்ல வந்ததை வசனத்தில்தான் சொல்கிறார்கள். பெண் இயக்கினால் படமே வேறு மாதிரி இருக்கும் என்கிறார்களே, அது எங்கே தெரியும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

வசனத்தைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். காமிரா எங்கே நிற்கிறது, எந்த உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இயக்குநரின் மனசு அங்கேதான் இருக்கும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பெண் இயக்குநர் ஷாந்தால் அகெர்மான் 1975-இல் ஒரு படம் எடுத்தார். கதாநாயகியின் பெயரும் வீட்டு விலாசமும்தான் படத்தின் தலைப்பு. சுருக்கமாக ‘ழான் டீல்மான்’ என்பார்கள். ஓடும் நேரம் 3 மணி 21 நிமிடம். கணவனை இழந்தவள், ஒரு மகன். பிழைப்புக்காக மத்தியான வேளையில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் காசு வாங்குகிறாள். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் காமிரா அந்தப் படுக்கையறைக்குள்தான் ஓடியிருக்கும். அகெர்மான் கடைசிக் கட்டம் வரை அந்தக் கதவை மூடிவைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். உருளைக்கிழங்கு தோல் சீவுவதை, பாத்திரம் கழுவுவதை, கட்டில் விரிப்பைச் சரிசெய்வதை முழுசாகக் காட்டுகிறார். க்ளோஸ்-அப் கிடையாது. காமிரா அசையாது. அகெர்மான் குள்ளமானவர், காமிராவையும் தன் உயரத்துக்கே தாழ்த்தி வைத்தார். அவளைக் குனிந்து பார்க்கிற பார்வையே படத்தில் இல்லை.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். இவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவள் கைப்பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘இவள் உடைந்துகொண்டிருக்கிறாள்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை உலக விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது, எல்லாக் காலத்துக்குமான படங்களில் முதலிடம் இதற்குக் கிடைத்தது. ஒரு பெண் எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் நாட்டு இயக்குநர் பாயல் கபாடியா இருக்கிறார். 2024-இல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரி வாங்கிய அவரது ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்தில் மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ்கள் வருகிறார்கள். நம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் இப்படிப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியின் கணவன் ஜெர்மனிக்குப் போனவன், பேசுவதையே விட்டுவிட்டான். ஒரு நாள் அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு சிவப்பு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. ராத்திரி அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். அழுகை இல்லை, வசனம் இல்லை. அந்த ஷாட்டை எழுதிய கைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தை எடுத்தவர் ஆண்தானே? அப்புறம் பெண் பார்வை, ஆண் பார்வை என்று பிரிப்பது எதற்கு?
– வாசகர், வேலந்தாவளம்

நியாயமான கேள்வி. ஜியோ பேபி 2021-இல் மலையாளத்தில் எடுத்த அந்தப் படத்தை நான் மனசாரப் பாராட்டுகிறேன். மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை மேஜையில் கிடப்பதையும், சிங்க்குக்கு அடியில் ஒழுகும் தண்ணீரையும் அவர் தள்ளி நின்று காட்டவில்லை. அதைத் துடைக்கிற மருமகளின் பக்கத்திலேயே நின்றார். பார்வை பிறப்பால் வருவதில்லை, நிற்கிற இடத்தால் வருகிறது. கேத்ரின் பிகலோ போர்ப்படம் எடுத்துத்தான் 2010-இல் ஆஸ்கார் வாங்கினார். இயக்கத்துக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர். பெண் என்றால் சமையலறையைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனாலும் பிரிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படமெடுக்கிற பணம் பெரும்பாலும் ஆண்கள் பக்கம்தான் போகிறது. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்குப் படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று வந்தால் எத்தனை பெண்கள் படம் எடுப்பார்கள் என்று நான் ஏங்குவதுண்டு.

தமிழில் முதல் பெண் இயக்குநர் யார்?
– மாணவர், மீனாட்சிபுரம்

டி. பி. ராஜலட்சுமி. ‘மிஸ் கமலா’, 1936. தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்தவரும் அவர்தான். 44 படங்களை இயக்கி 2002-இல் கின்னஸில் ஏறிய விஜயநிர்மலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் கொடிகட்டிப் பறந்தவர், இயக்கத்தைத் தொடங்கியது 1973-இல் ஒரு மலையாளப் படத்தில்.

அம்மா வீட்டில் கைமுறுக்கு சுற்றி விற்கிறார். அவரைப் பற்றி மொபைலில் ஒரு குறும்படம் எடுக்க ஆசை. பெண்கள் உழைப்பைப் பற்றி அம்மாவையே நாலு வார்த்தை பேசவைக்கலாமா?
– கல்லூரி மாணவி, சித்தூர்

வேண்டாம் கண்ணு. பேசவைத்தால் அம்மா உனக்காகப் பேசுவார், அது அவர் பேச்சாக இருக்காது.

நீ நின்றுகொண்டு எடுத்தால் அம்மாவின் உச்சந்தலைதான் தெரியும். அவர் பலகை போட்டு உட்கார்ந்தால் நீயும் தரையில் உட்கார். மொபைலை நாலு செங்கல் அடுக்கி அவர் கண் மட்டத்துக்கு வை. ஒரு முறுக்கு தொடங்கி முடியும் வரை வெட்டாமல் எடு. மாவை விரலால் முறுக்கி முறுக்கி வட்டம் வளர்வது ஒரே ஷாட்டில் வர வேண்டும். நடுவில் அவர் முழங்கையால் நெற்றியைத் துடைப்பார், முதுகை நிமிர்த்துவார். எடிட்டிங்கில் அதைத் தூக்கிவிடாதே. பாட்டு போடாதே. எண்ணெய் சத்தமும், வாசலில் வாங்க வந்தவர் பேரம் பேசுகிற சத்தமும் போதும். பேரம் பேசுகிறவர் முகத்தைக் காட்டாமல் அந்த நேரம் அம்மாவின் கையைக் காட்டு.

எடுத்து முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. எந்த இடத்தை நீக்கச் சொல்கிறாரோ அதை நீக்கிவிடு.