கன்னத்தில் நாய்க்கடி: தையலை ஏன் தள்ளிப் போட்டார்கள்?

கேள்வி: மூன்று நாள் முன்பு, என் 4 வயது மகளின் கன்னத்தில் பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் காயத்தைக் கழுவி, கையில் ஊசி போட்டதோடு காயத்துக்குள்ளேயும் போட்டார்கள். தையலைச் சில மணி நேரம் கழித்துத்தான், அதுவும் இடைவெளி விட்டு இரண்டே இரண்டு போட்டார்கள். பெண் பிள்ளை முகம், தழும்பு நின்றுவிடுமா? அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களாம். மீதி ஊசி வேண்டுமா?

பதில்: அவர்கள் செய்தது சரியான வைத்தியம். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சில் வழியாகக் காயத்தில் இறங்கி, நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறும். முகத்திலிருந்து அதற்குத் தூரம் குறைவு. கையில் போட்ட தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் காப்பதுதான் காயத்துக்குள் போட்ட இம்யூனோகுளோபுலின் என்கிற தயார் எதிர்ப்பு மருந்து. கிருமியை அது இருக்கும் இடத்திலேயே மடக்கும். அந்த மருந்து காயத்தில் பரவுவதற்குள் ஊசி நூலைக் கோத்தால் கிருமியை நாமே ஆழத்துக்குத் தள்ளியது போல் ஆகிவிடும். நெருக்கித் தைத்தால் சீழும் உள்ளேயே தங்கும்.

நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் குழந்தைக்கு நிறுத்தாதீர்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள்; முதல் ஊசி நாள்தான் 0. நாயைக் கட்டிவைத்து 10 நாள் பாருங்கள். அது நன்றாக இருந்தால் 28-ஆம் நாள் ஊசி தேவையா என்று மருத்துவர் சொல்வார். டெட்டனஸ் ஊசி பாக்கியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். யார் சொன்னாலும் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

தழும்பு கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் ஆறும். சில மாதம் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்து மனம் விட வேண்டாம். தையல் பிரித்துக் காயம் மூடியதும் வாசலின் தடவி மெதுவாக நீவிவிடுங்கள், வெயில் படாமல் பாருங்கள். ஒரு வருடம் கழித்தும் உறுத்தலாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போகலாம்.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண் முழுக்க மூடாமல் இருக்கிறதா? சாப்பிடும்போது காயத்தில் தண்ணீர் போலக் கசிகிறதா? முக நரம்போ உமிழ்நீர்க் குழாயோ அறுந்திருக்கலாம். வீக்கம் கூடி, சூடாகி, காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.