மாமியாருக்கு நரை இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. பல வருடமாகத் தலைக்கு டை அடிக்கிறேன். போன முறை அடித்த மறுநாள் நெற்றியும் கண்ணிமையும் வீங்கிவிட்டன. இனி டையே கூடாது என்கிறார் தோல் டாக்டர். அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம். “சம்பந்தியம்மா உன்னைவிடச் சின்னவளாகத் தெரிவாள், ஒரே ஒரு தடவை அடிச்சுக்கோ” என்கிறாள் அக்கா. என் கணவருக்கும் தலை முழுக்க நரைதான். எனக்கும் ஆசையாக இருக்கிறது. அடிக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடிக்காதீர்கள். அந்த ‘ஒரே ஒரு தடவை’தான் ஆபத்து. பெரும்பாலான கறுப்பு டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. வருடக்கணக்காக ஒன்றும் செய்யாதது திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். அப்படி ஒரு முறை ஆகிவிட்டால் உடம்பு அதை லேசில் மறக்காது. அடுத்த வீக்கம் இன்னும் மோசமாகலாம். ‘அமோனியா இல்லாதது’, ‘கறுப்பு மருதாணி’ என்று பார்லரில் எதை நீட்டினாலும் வேண்டாம். அமோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம். மருதாணி இலைக்குக் கறுப்பு நிறமே கிடையாது. அந்தப் பொட்டலத்தில் கறுப்பைத் தருவது பெரும்பாலும் இதே பிபிடிதான்.

சரி, ஆசை? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நரையை ரசிக்கச் சொல்லி நான் உபதேசம் செய்யப்போவதில்லை. பிடிக்காமலேயேகூட அதோடு இருக்கலாம்; முட்டிவலியை யார் ரசிக்கிறார்கள்? ஆனால் உங்கள் கணவர் தலையைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? அஜித் நரைத்த தலையோடு திரையில் வந்தால் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று விசிலடிக்கிறோம். அதுவே மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்றால், ‘தன்னைக் கவனிச்சுக்கவே இல்ல’. யாரோ போட்டுவைத்த இந்தக் கணக்குக்கு உங்கள் கண்ணிமை ஏன் வீங்க வேண்டும்?

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் கல்யாணத்தன்று வகிட்டோரம் வெள்ளை, கீழே கறுப்பு என்று இரண்டு நிறமாக இருக்கும். கண்ணை உறுத்தப்போவது அதுதான், நரை அல்ல. நுனியைத் தாராளமாக வெட்டிவிட்டுக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். நரைத்த கொண்டைக்கு மல்லிகையைவிடக் கனகாம்பரம் எடுப்பு என்பது என் கட்சி. ஃபோட்டோகிராஃபரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்: ஆல்பத்தில் முகச்சுருக்கத்தை வழித்தெடுக்க வேண்டாம் என்று. சொல்லாவிட்டால் அவர்களாகவே செய்துவிடுவார்கள்.

அக்காவிடம் வாதாடாதீர்கள், டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். மருமகளிடம் மட்டும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெண் பார்க்க வந்தபோது கறுப்புத் தலையோடு பார்த்த மாமியாரை மணமேடையில் அவள் தேடக் கூடாதல்லவா!