மின்வெட்டும் வீட்டுக் கணினியும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் மேசைக்கணினி ஒன்றை வைத்துத் தட்டச்சு, மொழிபெயர்ப்பு வேலைகளைச் செய்து வருகிறேன். மின்சாரம் நொடிப்பொழுதில் போய் வருவதால் கடந்த மாதம் முடித்து வைத்திருந்த கோப்பு ஒன்று பழுதாகித் திறக்க முடியாமல் போய்விட்டது. மின்சாரம் போனதும் பற்றரியிலிருந்து சிறிது நேரம் மின்சாரம் கொடுக்கும் யூபிஎஸ் ஒன்றை வாங்கக் கடைக்குப் போனால் 650, 1000, 1500 என்று எண்களைச் சொல்கிறார்கள். உயர்தரம் படிக்கும் மகனோ ஒரு காணொளியைக் காட்டி, மலிவான யூபிஎஸ் ஒன்றில் கார் பற்றரியைப் பொருத்தினால் மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்கிறான். எதைக் கேட்பது ஐயா?

பதில்: சகோதரி, மற்றவற்றைப் பேசுவதற்கு முன்னால் மகனின் யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மூன்று மணித்தியாலம் ஓடும் என்று அந்தக் காணொளியில் சொல்லப்பட்டது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே ஓடும். ஆபத்தும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. சிறிய யூபிஎஸ் ஒன்றினுள் இருக்கும் மின்மாற்றியும், சூட்டை வெளியேற்றுவதற்காக வைத்திருக்கும் மெல்லிய அலுமினியத் தகடும், பத்துப் பதினைந்து நிமிட வேலைக்கென்றே அளந்து வைக்கப்பட்டவை. அதற்குமேல் ஓடத் தேவையில்லை, ஏனெனில் அதற்குள் உள்ளேயிருக்கும் 7 அம்பியர் மணி பற்றரி தீர்ந்து யூபிஎஸ் தானாக நின்றுவிடும். அந்தச் சிறிய பற்றரியே அதற்கு ஒரு காவலாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 60 அம்பியர் மணி கார் பற்றரியைப் பொருத்தினால், சூடு ஏறிக்கொண்டே போகும், நிறுத்துவதற்கு எதுவும் இராது. இன்னொன்றும் உண்டு. அந்த யூபிஎஸ்ஸின் சார்ஜர் பெரும்பாலும் ஓர் அம்பியருக்கும் குறைவாகவே கொடுக்கும். தீர்ந்துபோன கார் பற்றரியை அது நிரப்பி முடிக்க நாட்கணக்காகும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிட்டால், பற்றரி அரைகுறையாகவே கிடந்து கெட்டுப்போகும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு, கதவடைத்த படிப்பறையில் மேசைக்கடியில் தங்க வேண்டிய பொருளல்ல.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில், உப்புவெளியில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது யூபிஎஸ்ஸின் அடிப்பாகம் மெழுகுபோல் இளகி, சீமெந்துத் தரையோடு ஒட்டிக்கிடந்தது. செப்புக் கம்பியின் மேற்பூச்சு கருகிய மணம் அறை முழுவதும் நின்றது. ஒரு சாண் தூரத்தில் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் பெரியவர் ஒருவர் விழித்திருந்து மணத்தை உணர்ந்ததால் அன்று தீப்பிடிக்கவில்லை. அந்த வீட்டாரும் ஒரு காணொளியைப் பார்த்துத்தான் அந்த இணைப்பைச் செய்திருந்தார்கள். அந்தக் காணொளியின் கீழே நன்றி சொல்லி எழுதியிருந்த அத்தனை பேரும் முதல் வாரத்தில் எழுதியவர்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். 650 என்பது வோல்ட் அம்பியர் கணக்கு; கணினி உண்மையில் இழுக்கும் மின்வலு வாட் கணக்கில் அமையும். 650 என்று எழுதியிருக்கும் யூபிஎஸ்ஸைத் திருப்பி, பின்பக்க ஒட்டுத்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் 360 அல்லது 390 வாட் என்று இருக்கும். பார்க்க வேண்டிய எண் அதுதான். தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாத மேசைக்கணினியும் ஓர் எல்ஈடி திரையும் சேர்ந்து, எழுத்து வேலையின்போது 100 முதல் 150 வாட் வரையில் எடுக்கும். ஆகவே 650 உங்கள் கணினியைத் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதுதான் அடுத்த கேள்வி. 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரியில் பெருக்கிப் பார்த்தால் 84 வாட் மணி வருகிறது. ஆனால் அந்த 7 என்னும் அளவு, இருபது மணித்தியாலத்தில் மெதுவாகத் தீர்க்கும்போது கிடைப்பது. கால் மணித்தியாலத்தில் உறிஞ்சினால் ஏறத்தாழப் பாதிதான் கையில் வரும், அதிலும் ஒரு பங்கு மாற்றும் சுற்றில் சூடாகப் போய்விடும். எனவே பற்றரி புதிதாக இருக்கும்போது 10 முதல் 20 நிமிடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எழுதியதைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக நிறுத்துவதற்கு அது தாராளமாகப் போதும். மின்வெட்டு முழுவதும் வேலை செய்ய வேண்டுமானால் அது யூபிஎஸ் செய்யும் வேலையல்ல. பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தர அதற்கென்றே வடிவமைத்த இன்வேர்ட்டரும், ஆழமாகத் தீர்ந்து நிரம்பக்கூடிய ரியூபுலர் அல்லது லிதியம் பற்றரியும், அவற்றை வைக்கக் காற்றோட்டமான இடமும், பொருத்திக் கொடுக்கத் தகுதியானவரும் வேண்டும்.

வகையைக் கேட்டால், லைன் இன்டராக்டிவ் என்ற வகையையே சொல்வேன். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மாலை நேரங்களில் குறைந்தும் நள்ளிரவில் கூடியும் வரும் வீடுகளில், இந்த வகை பற்றரியைத் தொடாமலே மின்னழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். பற்றரியின் ஆயுளும் மிஞ்சும். சுத்தமான சைன் அலை, அதாவது சுவர் மின்சாரம்போல் சீராக ஏறி இறங்கும் மின்சாரம், வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மலிவான யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது படிப்படியான சதுர அலையைத் தருகிறது; பெரும்பாலான கணினிகள் அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் கணினிக்குள் இருக்கும் புதிய சில பவர் சப்ளைகள், சுவர் மின்சாரத்திலிருந்து பற்றரிக்கு மாறும் கணத்தில் நின்றுவிடுவதுண்டு. உங்கள் கணினி எந்தப் பக்கம் என்பதை நானோ இணையமோ இங்கிருந்தபடி சொல்ல முடியாது. கணினியைக் கடைக்கே கொண்டுபோய், யூபிஎஸ்ஸில் இணைத்து, ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் சுவரையும் பாருங்கள். கடற்கரையை அண்டிய நமது வீடுகளில் புவித்தொடுப்பு, அதாவது ஏர்த் என்று நாம் சொல்வது, உப்புக்காற்றில் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. குசினிக்குப் பின்னால் நிலத்தில் இறக்கியிருக்கும் கம்பியில் வயர் வந்து சேரும் இடத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள்; பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு படிந்திருந்தால், உள்ளே இணைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை மீற்றர் வைத்துத்தான் சொல்ல முடியும். புவித்தொடுப்பு இல்லாத செருகியில் யூபிஎஸ்ஸின் மின்னெழுச்சிப் பாதுகாப்பு பெயரளவுக்கே இருக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகினாலும் விளைவு அதேதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி முழங்கும்போது யூபிஎஸ்ஸை நம்பி இருக்காமல், பிளக்கையும் வலையமைப்பு வயரையும் கழற்றிவிடுவதே என் வீட்டு வழக்கம்.

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்: கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தி மின்சார சபைக்கு மின்சாரம் கொடுக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது நல்ல வெயில் இருந்தும் எங்கள் வீட்டிலும் இல்லை. பொருத்தியவர்கள் எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்றினால் கோளாறு ஏற்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கருவி செய்ய வேண்டியதையே செய்தது. வெளியே கம்பியில் மின்சாரம் இல்லாதபோது வலையமைப்போடு இணைந்த இன்வேர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும்; இல்லாவிட்டால் கம்பியைத் திருத்த ஏறுகிற ஊழியரின் உயிர் போகும். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் வகை தேவை. அதைப் பொருத்திய நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். இன்வேர்ட்டரில் நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி: என்னிடம் மடிக்கணினி மட்டுமே இருக்கிறது. இணைய வகுப்பின் நடுவில் மின்சாரம் போனால் வைஃபை போய்விடுகிறது. பெரிய யூபிஎஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா சேர்?

பதில்: வேண்டாம் மகள். மடிக்கணினிக்கு உள்ளேயே பற்றரி இருக்கிறது. ரவுட்டருக்கு மட்டும் கைக்கடக்கமான 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும். பத்து வாட் அளவில் இழுக்கும் பொருளை அது சில மணித்தியாலம் தாங்கும். ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், அம்பியர், பின்னின் நேர் எதிர்க் குறி ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பாக இருந்து சுவரில் தனிப் பெட்டி ஒன்றும் இருந்தால் அதற்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு வருடம் பழகிய யூபிஎஸ் இப்போது ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. பற்றரியின் மூடியைக் கிளப்பி வடித்த நீர் ஊற்றினால் உயிர்பெறும் என்று காணொளிகள் சொல்கின்றன. உண்மையா?

பதில்: ஊற்றியவுடன் மீற்றரில் வோல்ட் சற்று ஏறலாம், காணொளி அங்கே முடிந்துவிடும். அது மூடப்பட்ட வகைப் பற்றரி. நீங்கள் மூடி என்று நினைப்பது உள்ளே அழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கும் வால்வு. அதைத் தென்னிக் கிளப்பும்போது அமிலத் துளி கண்ணில் தெறிக்கலாம். திரும்பச் சரியாக மூடாவிட்டால் கசிந்து யூபிஎஸ்ஸின் சுற்றுப்பலகையை அரிக்கும். அதே வோல்ட், அதே அம்பியர் மணி கொண்ட புதிய பற்றரியை மாற்றுவதுதான் வழி. ஈயப் பற்றரிக்கென்று செய்த சார்ஜரில் லிதியம் பற்றரியைப் பொருத்தச் சொல்லும் ஆலோசனையையும், யூபிஎஸ்ஸைத் தயாரித்தவர் அனுமதித்தாலன்றி, ஏற்க வேண்டாம்.

இரண்டு வருடத்தில் போனதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. இந்தப் பற்றரிகளின் ஆயுள் 25 பாகை வெப்பநிலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. மே, ஜூன் மாதங்களில் சோளகக் காற்றின் வெக்கையில் நமது அறைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மூடிய அலுமாரித் தட்டில் இருந்தால் வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். புதிய பற்றரியில் பொருத்திய திகதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பழையது உப்பியிருந்தால் கூட்டிலிருந்து நெம்பி இழுக்காமல் யூபிஎஸ்ஸோடு திருத்துநரிடம் கொடுங்கள். அதில் ஈயம் இருக்கிறது. குப்பையிலோ களப்போரத்திலோ எறியக் கூடாது.

நகரிலிருந்து ஒரு வாசகர்: கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வயரிங் செய்பவர் வேறொன்று சொல்கிறார், இணையம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. நிபுணரை நம்புங்கள் என்று எழுதுகிறீர்கள். யார் நிபுணர் என்று எப்படி அறிவது?

பதில்: நியாயமான கேள்வி. அதிகம் பேசுபவரையோ விலை கூடியதைக் காட்டுபவரையோ நான் நிபுணர் என்று சொல்ல மாட்டேன். பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் கேள்வி கேட்பவர், மீற்றரை எடுத்து அளந்து பார்ப்பவர், அளந்ததை எழுதிக் கையொப்பமிடத் தயங்காதவர், தமக்கு விற்பனை இல்லாமல் போனாலும் "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்பவர், இவர்களே என் கணக்கில் நிபுணர்கள். வீட்டு மின்னிணைப்பு வேலைக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகுதியுள்ளவர் அதைச் சந்தோஷமாகவே காட்டுவார். புவித்தொடுப்புக்கு அவரையும், யூபிஎஸ்ஸின் உட்புறத்துக்கு அதைத் திருத்துபவரையும், உத்தரவாதத்துக்குக் கடைக்காரரையும் கேளுங்கள். இணையத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. தயாரித்தவரின் கைநூலை அங்கிருந்துதான் நானும் எடுத்துப் படிக்கிறேன். 120 வோல்ட் நாட்டில் இருந்துகொண்டு, உங்கள் சுவரைப் பாராமல், நாளை என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லாத ஒருவரின் யோசனையை, வீட்டுக்கு வந்து பார்ப்பவரின் சொல்லுக்கு மேலாக வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கன்னியாப் பக்கம் ஒரு வீட்டில் யூபிஎஸ் அடிக்கடி கத்தி நின்றுகொண்டிருந்தது. இணையத்தில் விசாரித்து, அளவு போதாது என்ற பதிலை நம்பி, 650ஐ மாற்றி 1000 வாங்கினார்கள், அதுவும் கத்தியது, 1500 வாங்கவிருந்தார்கள். அதற்கு முதல்நாள் வந்த வயதான மின்னிணைப்பாளர், மேசைக்கடியில் உட்கார்ந்து வயர் ஒவ்வொன்றையும் விரலால் தொடர்ந்து போனார். லேசர் அச்சியந்திரமும் அதே யூபிஎஸ்ஸில்தான் சொருகப்பட்டிருந்தது. தாளைச் சூடாக்கும் உருளை இயங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒன்றே ஆயிரம் வாட்டை நெருங்கி இழுத்துக்கொண்டிருந்ததை, மீற்றரின் கவ்வியை வயரில் மாட்டி வீட்டாருக்குக் காட்டினார். பிறகு அச்சியந்திரத்தின் பிளக்கைச் சுவர்ச் செருகிக்கு மாற்றினார். முதலில் வாங்கிய 650தான் இன்றும் அந்த மேசைக்கடியில் இருக்கிறது. பற்றரி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது.