தடைக்காலத்துக்கு முன் கருவாடு போடலாமா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். அமெரிக்கா வரி போட்டதிலிருந்து இறால் விலைக்கு ஒரு நிலையே இல்லை. பங்குப் பணமும் குறைந்துவிட்டது. கருவாட்டுத் தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஐந்து லட்சம் கடன் வாங்கி, சூரிய உலர்த்தி போட்டுப் பெரிதாகவே தொடங்கு என்கிறான் என் தம்பி. இந்த நேரத்தில் இறங்கலாமா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தாராளமாக இறங்குங்கள் தங்கச்சி. ஐந்து லட்சம் மட்டும் இப்போது வேண்டாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது அடிவாங்கியது ஏற்றுமதிச் சரக்கு. நெத்திலிக் கருவாட்டை வாங்குகிறவர் பரமக்குடியிலும் மதுரையிலும் இருக்கிறார். ராமேசுவரம் பாசஞ்சரில் கூடையோடு ஏறி மதுரையில் விற்றுவந்த அம்மாவின் மகள் நான். அந்த வியாபாரம் எங்கள் வீட்டுக்கு எத்தனை வருடம் சோறு போட்டது என்று எனக்குத் தெரியும்.

நம் கரையில் காலக்கணக்குதான் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாயை வைத்து எந்த வீடு ஓடும்? ஆனால் பச்சை மீன் விலை ஏறி, சனங்கள் கருவாட்டைத் தேடுவதும் அதே நாட்களில்தான். தை, மாசி, பங்குனியில் மீனும் இருக்கும், வெயிலும் இருக்கும். அப்போது காயவைத்துச் சித்திரை, வைகாசியில் விற்றால், வரவு நிற்கிற மாதத்தில் உங்கள் வீட்டுக்குக் காசு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயப்போடவே முடியாது. அந்த மாதங்களிலும் வங்கித் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். பெரிய கடன் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

முதல் வருடம் நெத்திலி மட்டும் போடுங்கள். பச்சையில் நாலு கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். கிலோ 70 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தால், மீனுக்கே 280 ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் ஐஸ், ஆட்டோ, பாக்கெட், உங்கள் கூலி. உங்கள் கூலியைக் கட்டாயம் எழுதுங்கள். நம் பெண்கள் விடியற்காலையில் எழுந்து அலசி, காயவைத்து, காக்கை விரட்டி, சாயங்காலம் அள்ளிக் கட்டுகிறார்கள். கணக்கு நோட்டில் அந்த உழைப்புக்கு ஒரு வரி இருப்பதில்லை. எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு.

மணலில் காயப்போடாதீர்கள். சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டிக் காயவையுங்கள். சோற்றில் மணல் கடிபட்டவள் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டாள்.

40,000 ரூபாயில் பாதியை மீனுக்கு ஒதுக்குங்கள். கம்பு, வலை, தராசு, பாக்கெட் ஒட்டும் மெஷின் எல்லாவற்றையும் 10,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10,000 வீட்டுச் செலவுக்கு. வியாபாரத்துக்கு அதைத் தொடவே கூடாது. மொத்த வியாபாரி முன்பணம் நீட்டுவார். வாங்கிவிட்டால் சரக்கு உங்களுடையது, விலை அவருடையது. தினவசூல் தண்டல் கடன் பக்கம் போகவே போகாதீர்கள். பணம் போதாவிட்டால் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்கிற சிறுகடன் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாக்கெட் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

தம்பி சொல்லும் உலர்த்தியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வெயில் இல்லாத நாளில் அது வேலை செய்யுமா, மாற்றுச் சூடு உண்டா என்று விற்பவரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு தடைக்காலம் விற்றுப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் யார் யார் என்று நோட்டில் தெரிந்ததும், அந்த நோட்டோடு ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியக் கடன் கேட்கலாம். அன்றைக்கு நானும் கூட வருகிறேன்.